அப்பாவுக்குப் பெண் பார்த்த மகள்கள்

1968 ஆகஸ்டில் அமெரிக்கத் திரையரங்குகளுக்கு வந்த ‘வித் சிக்ஸ் யூ கெட் எக்ரோல்’ படத்தை இன்று யாராவது நினைவில் வைத்திருந்தால், அது டோரிஸ் டேயின் கடைசிப் படம் என்பதற்காகத்தான். மூன்று பையன்களை வைத்துக்கொண்டு மரக்கடை நடத்தும் கைம்பெண் அவர். மனைவியை இழந்து ஒரே மகளோடு வாழ்பவர் பிரையன் கீத். இருவரும் கல்யாணம் செய்துகொள்கிறார்கள், பிள்ளைகள் முறைத்துக்கொள்கிறார்கள், கடைசியில் எல்லோரும் ஒரே குடும்பமாகிறார்கள். அந்த ஒரே மகள் ஸ்டேசியாக, பாதிப் படம் வரை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வருகிற பெண்ணுக்கு அதுதான் முதல் சினிமா. படம் வெளியானபோது வயது இருபது. பெயர் பார்பரா ஹெர்ஷி. பின்னாளில் கான் திரைப்பட விழாவில் சிறந்த நடிகை விருதை 1987, 1988 என்று அடுத்தடுத்த இரண்டு வருடங்கள் வாங்கியவர்.

ஸ்டேசி வேடத்தில் அந்த விருதுகளுக்கான அறிகுறி ஏதும் உண்டா என்று தேடினால் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. அதைவிட உருப்படியான கேள்வி வேறொன்று இருக்கிறது. அறுபதுகளின் ஹாலிவுட் குடும்பக் காமெடிகளில் மகளாக வந்த பெண்களுக்கு அந்தத் தொடக்கம் என்ன செய்தது? தூக்கிவிட்டதா, கட்டிப்போட்டதா? பழம்படப் பிரியர்கள் அந்தப் படங்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் உருகிவிடுவார்கள். கிசுகிசு எழுதுகிறவர்களுக்கோ குழந்தை நட்சத்திரம் என்றாலே ஒரு சீரழிவுக் கதை வேண்டும். திரையில் அந்தப் பெண்களுக்கு என்ன வேலை கொடுக்கப்பட்டது என்பதை இரு தரப்பும் கவனிப்பதில்லை. அந்த வேலையைக் கவனித்தால், படத்துக்குள் மகளின் பங்கு எவ்வளவு பெரிதோ, படத்துக்கு வெளியே அவள் நகர இடம் அவ்வளவு குறைவு என்பது தெரியும். சின்ன வேடத்தில், அதுவும் கொஞ்சம் முரண்டு பிடிக்கிற வேடத்தில் வந்தவர்கள்தான் தப்பித்தார்கள்.

முதலில் அந்த வேலை என்ன என்று பார்ப்போம். 1934 முதல் ஹாலிவுட் தனக்குத் தானே கறாராகப் போட்டுக்கொண்ட தணிக்கை விதிகள் அறுபதுகளில் தளர்ந்துகொண்டிருந்தாலும் செத்துவிடவில்லை. படம் எடுப்பவர்கள் நாற்பது வயது ஆணும் பெண்ணும் காதலிப்பதைக் காட்ட விரும்பினால் அதற்கு ஒரு கௌரவமான வேலி தேவைப்பட்டது. பிள்ளைகள்தான் அந்த வேலி. வீடு நிறையக் குழந்தைகள் இருந்தால் பெற்றவர்களின் கட்டிலைப் பற்றிக்கூட ஜோக்கடிக்கலாம், யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். விவாகரத்து ஆனவர்களைக் கதாநாயகர்களாக்கக் கூசியதால், இந்தப் படங்களில் பாதிப் பேருக்கு மனைவியோ கணவனோ கதை தொடங்கும் முன்பே செத்துப்போயிருப்பார்கள். தொலைக்காட்சியிலும் இதே கதைதான்: ‘மை த்ரீ சன்ஸ்’ தொடரின் அப்பாவுக்கு மனைவி இல்லை, ‘ஃபேமிலி அஃபேர்’ தொடரில் அனாதைப் பிள்ளைகளை வளர்க்கும் சித்தப்பா. அந்தச் சித்தப்பாவும் நம் பிரையன் கீத்தான். அந்தப் பத்தாண்டில் அமெரிக்கா குத்தகைக்கு எடுத்திருந்த அப்பா அவர்.

இந்த வீடுகளில் மகனுக்குக் குறும்பு செய்கிற வேலை. மகளுக்கோ பெரியவர்களின் வேலை. அப்பாவுக்கு யார் சரிப்படுவாள், அம்மாவுக்கு இன்னும் அப்பா மேல் ஆசை இருக்கிறதா, வரப்போகிறவள் சொத்துக்காக வருகிறாளா என்றெல்லாம் கவலைப்படுகிறவள் அவள்தான். தரகர், புலனாய்வாளர், சமாதானத் தூதர் என்று எல்லாம் அவளே. இவ்வளவையும் செய்துவிட்டுக் கடைசிக் காட்சியில் அவள் மறுபடியும் குழந்தையாகிவிட வேண்டும். அவளுக்கென்று ஓர் ஆசையோ கோபமோ இருக்கக் கூடாது. இருந்தால் அது பெற்றோரைச் சேர்த்து வைப்பதோடு தீர்ந்துவிட வேண்டும்.

இந்த வேலையின் உச்சம் 1961இல் டிஸ்னி வெளியிட்ட ‘தி பேரன்ட் ட்ராப்’. இங்கேயும் அப்பா பிரையன் கீத். அம்மா மரீன் ஓஹாரா. பெற்றோர் விவாகரத்தில் பிரிந்தபோது ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டு போன இரட்டைப் பெண்கள் ஷாரன், சூசன். ஒருத்தி பாஸ்டனில் வளர்கிறாள், மற்றவள் கலிபோர்னியாவில். கோடைக்கால முகாமில் தற்செயலாகச் சந்தித்து, முதலில் சண்டை போட்டு, பிறகு உண்மை தெரிந்து, ஆள் மாறிப் போகிறார்கள். இரண்டு பேரும் ஹேலி மில்ஸ். பதினான்கு வயது. லண்டனில் பிறந்தவர், நடிகர் ஜான் மில்ஸின் மகள். பாஸ்டன் பெண்ணும் கலிபோர்னியாப் பெண்ணும் ஒரே இங்கிலாந்து உச்சரிப்பில் பேசுவதை அன்று யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

கதை ஜெர்மானிய எழுத்தாளர் எரிக் கேஸ்ட்னருடையது. 1949இல் சிறுவர் நாவலாக வந்தது. அடுத்த வருடமே ஜெர்மனியில் இசா, யுட்டா குந்தர் என்ற நிஜ இரட்டையரை வைத்துப் படமாக்கினார்கள். 1951இல் ஜப்பானில் ஹிபாரி மிசோரா நடித்தார். 1953இல் இங்கிலாந்தில் எமெரிக் பிரஸ்பர்கர் எடுத்தார். ஆக, டிஸ்னி தொட்டபோது அது ஏற்கெனவே பல ஊர் சுற்றிய கதை. டிஸ்னியின் இயக்குநர் டேவிட் ஸ்விஃப்ட் கூட்டிய சரக்கு, ஒரே பெண்ணை இரண்டாகக் காட்டியதுதான். நம்மூர் ஸ்டூடியோக்காரர்கள் ‘மாஸ்க் ஷாட்’ என்று சொல்லும் பாணியில், சட்டகத்தின் ஒரு பாதியை மறைத்து எடுத்து, மறுபாதியைப் பிறகு எடுத்து ஒட்டிய காட்சிகள் பல. இன்னும் சிலவற்றுக்கு, மஞ்சள் சோடியம் விளக்கால் ஒளியூட்டிய திரைக்கு முன் நடிக்க வைத்து, கேமராவுக்குள் இருக்கும் பட்டகத்தால் அந்த மஞ்சளை மட்டும் பிரித்தெடுக்கும் முறை. தோளுக்குப் பின்னாலிருந்து எடுத்த காட்சிகளில் சூசன் ஹென்னிங் என்ற பெண் டூப்பாக நின்றார். திரையில் அவர் பெயர் வரவில்லை.

வித்தையை விட்டுவிட்டு நடிப்பைப் பார்ப்போம். பெற்றோரின் பழைய காதலைக் கிளறுவதற்காக, அவர்கள் இளம்வயதில் போன இத்தாலிய உணவகத்தை வீட்டிலேயே செட் போட்டு, பெண்கள் இருவரும் ஒரு கச்சேரி நடத்துகிறார்கள். ஒருத்தி பியானோவில், மற்றவள் கிட்டாரோடு. பியானோக்காரி ஒழுங்காக, விறைப்பாக இருக்கிறாள், கிட்டார்க்காரி குலுக்குகிறாள். வசனமே இல்லாமல் உடம்பின் இறுக்கத்தை வைத்தே யார் யார் என்று நமக்குப் புரிகிறது. இதில் நுட்பம் என்னவென்றால், அந்த நேரத்தில் இருவருமே மற்றவளாக நடித்துப் பழகிய பெண்கள். ஷாரனாக நடிக்கும் சூசன், சூசனாக நடிக்கும் ஷாரன், இவர்கள் இருவராகவும் நடிக்கும் மில்ஸ் என்று மூன்று அடுக்கு. எதிரில் யாருமே இல்லாத வெற்றிடத்தைப் பார்த்துப் பேசி, அந்த நேரக் கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டு மறுபாதியை நடிக்க வேண்டும். அனுபவசாலிகளே திணறுகிற இடம் இது. அங்கே பாடிய ‘லெட்ஸ் கெட் டுகெதர்’ பாட்டும் இசைத்தட்டு விற்பனைப் பட்டியலில் முதல் பத்துக்குள் வந்தது.

நம் வாசகர்களுக்கு இந்தக் கதை புதிதல்ல. 1965இல் ஏவி.எம். தயாரிப்பில் கிருஷ்ணன்–பஞ்சு எடுத்த ‘குழந்தையும் தெய்வமும்’ இதன் தமிழ் வடிவம். ஜெய்சங்கர், ஜமுனா பெற்றோர். இரட்டையராகக் குட்டி பத்மினி. தெலுங்கில் ‘லேத மனசுலு’வாகவும், இந்தியில் 1968இல் ‘தோ கலியான்’ ஆகவும் இதே கதை போனது. இந்தியில் அந்த இரட்டை வேடம் பேபி சோனியாவாக இருந்த நீத்து சிங்குக்கு. மாற்றம் எங்கே செய்தார்கள் என்பதுதான் சுவாரசியம். அமெரிக்கப் படத்தில் பெற்றோர் தங்கள் முன்கோபத்தாலேயே பிரிகிறார்கள். குறுக்கே வருபவள் பணத்துக்காக அப்பாவைக் கட்டிக்கொள்ளப் பார்க்கும் ஓர் இளம்பெண். தமிழில் பிரிவுக்குக் காரணம் பெண்ணைப் பெற்றவளின் பணத்திமிர். அந்த மாமியாராக ஜி. வரலட்சுமி. கணவன் மனைவி இருவர் மேலும் பழி விழாமல் பாட்டியின் தலையில் இறக்கிவைத்துவிட்டார்கள். குடும்பம் உடைந்தால் அதற்கு வெளியாள் ஒருவர் பொறுப்பாக வேண்டும் என்பது நம் படங்களின் பழைய ஏற்பாடு. ஆனால் மகளுக்குக் கொடுத்த வேலையில் துளியும் மாற்றமில்லை. பாஸ்டனிலும் சென்னையிலும் சேர்த்துவைக்கும் பொறுப்பு அவளுக்கே.

ஹேலி மில்ஸுக்கு வருவோம். 1959இல் ‘டைகர் பே’ என்ற பிரிட்டிஷ் படத்தில் ஒரு கொலையைப் பார்த்துவிட்டுப் பொய் மேல் பொய்யாக அடுக்கும் சிறுமியாக நடித்திருந்தார். பையனுக்கென்று எழுதப்பட்ட வேடம் அது. முரடான, யாருக்கும் அடங்காத பிள்ளை. அதைப் பார்த்துத்தான் டிஸ்னி நிறுவனம் ஒப்பந்தம் போட்டது. போட்ட பிறகு அந்த முரட்டுத்தனத்தைத் துடைத்து எடுத்தது. 1960இல் ‘பாலியன்னா’, அதற்காகச் சிறுவர்களுக்கான சிறப்பு ஆஸ்கர் சிலை. அந்தக் குட்டிச் சிலையை வாங்கிய கடைசி ஆள் அவர்தான்; பிறகு அப்படி ஒரு விருதையே நிறுத்திவிட்டார்கள். அடுத்தது ‘பேரன்ட் ட்ராப்’. பிறகு 1965இல் ‘தட் டார்ன் கேட்’ வரை வருடத்துக்கு ஒன்றாக டிஸ்னி படங்கள். குப்ரிக் ‘லோலிட்டா’ எடுக்கக் கிளம்பியபோது மில்ஸின் பெயரும் அடிபட்டது. பெரியவர்கள் மறுத்துவிட்டார்கள் என்று பின்னாளில் அவரே பேசியிருக்கிறார். பதினான்கு வயதுப் பெண்ணுக்கு அந்த வேடம் வேண்டாம் என்று சொன்னது தவறென்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் மறுத்ததற்கு அவள் வயது மட்டும் காரணமாக இருந்திருக்காது. டிஸ்னியின் மகள் என்ற முத்திரைக்கும் ஒரு விலை இருந்தது.

அந்த முத்திரையை உடைக்க 1966இல் இங்கிலாந்தில் ‘தி ஃபேமிலி வே’ படத்தில் புதுமணப் பெண்ணாக நடித்தார். சில நொடிகள் முதுகுப்புறம் நிர்வாணமாக வரும் ஒரு காட்சி. பத்திரிகைகளுக்குப் படத்தின் கதை மறந்துபோய் அந்த நொடிகள் மட்டும்தான் தெரிந்தன. கணவனும் மனைவியும் ஒரே வீட்டில் மாமனார் மாமியாரோடு நெருக்கியடித்து வாழும் கதை. நல்ல படம், நல்ல நடிப்பு. பார்க்க வந்தவர்கள் பார்த்ததோ பாலியன்னா துணியில்லாமல் நிற்பதை. டிஸ்னியில் சம்பாதித்த பணம் அறக்கட்டளையில் இருந்தது. அதை எடுக்கும் வயது வந்தபோது பிரிட்டிஷ் வருமான வரித்துறை தொண்ணூறு விழுக்காட்டுக்கும் மேல் கேட்டது. வழக்கு பிரபுக்கள் சபை வரை போய்த் தோற்றது. குழந்தை நட்சத்திரங்களின் சம்பளத்தில் ஒரு பங்கைக் காப்பாற்றக் கலிபோர்னியாவில் 1939இலேயே கூகன் சட்டம் வந்திருந்தது. பெற்றோர் சுரண்டலைத் தடுக்கத்தான் அந்தச் சட்டம். மில்ஸின் பெற்றோர் சுரண்டவில்லை, பணத்தைப் பத்திரமாகத்தான் வைத்திருந்தார்கள். பணம் மட்டும் போய்விட்டது.

மில்ஸ் தனி ஆள் இல்லை. சாண்ட்ரா டீ 1959இல் ‘கிட்ஜெட்’டிலும், பிறகு டாமி படங்களிலும், 1963இல் ஜேம்ஸ் ஸ்டூவர்ட்டின் மகளாக ‘டேக் ஹர், ஷி இஸ் மைன்’ படத்திலும் அமெரிக்காவின் செல்லப் பெண்ணாக இருந்தார். பத்தாண்டு முடிவதற்குள் வாய்ப்புகள் வற்றிவிட்டன. 1978இல் ‘கிரீஸ்’ படத்தில் அவர் பெயர் ஒரு கேலிப்பாட்டாக மிஞ்சியது. ‘கிட்ஜெட்’ தொலைக்காட்சிக்குப் போனபோது அந்த வேடம் சாலி ஃபீல்டுக்கு. அதன்பின் பறக்கும் கன்னிகாஸ்திரியாக ஒரு தொடர். அந்த இரண்டையும் உதறி ஒரு நடிகையாக மதிக்கப்பட அவர் 1976இன் ‘சிபில்’ வரை காத்திருந்தார். அதற்குப் பிறகுதான் ‘நார்மா ரே’, ஆஸ்கர் எல்லாம்.

இனி 1968. அந்த ஒரு வருடத்தில் வந்த குடும்பப் படங்களை வரிசையாக வைத்தால் விஷயம் விளங்கும். ‘யுவர்ஸ், மைன் அண்ட் அவர்ஸ்’ படத்தில் பத்துப் பிள்ளைகளின் அப்பா ஹென்றி ஃபோண்டா, எட்டுப் பிள்ளைகளின் அம்மா லூசில் பால். நிஜக் குடும்பத்தின் கதை. வீட்டுக்கு முதன்முதலாக வரும் அம்மாவின் கோப்பையில் ஃபோண்டாவின் பையன்கள் ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் வெவ்வேறு சாராயத்தை ஊற்ற, சாப்பாட்டு மேசையில் லூசில் பால் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து குழறும் காட்சிதான் படத்தின் உயிர். அதில் பிள்ளைகள் கூட்டமாக வந்து கூட்டமாகப் போகிறார்கள். கூட்டத்தில் ஒருத்தி அப்போது சுசான் கூபிடோ என்ற பெயரில் நடித்துவந்த மார்கன் பிரிட்டனி. பிறகு ‘டாலஸ்’ தொடரின் வில்லியாகப் பெயர் வாங்கினார். கூட்டத்தின் சின்னஞ்சிறுசுகளில் ஒருத்தி டிரேசி நெல்சன். இவர்களை அந்தப் படத்தோடு சேர்த்து யாரும் பூட்டி வைக்கவில்லை. பதினெட்டில் ஒன்றை யார் நினைவு வைத்துக்கொள்வார்கள்?

அதே வருடம் டிஸ்னியின் ‘தி ஒன் அண்ட் ஒன்லி, ஜெனுயின், ஒரிஜினல் ஃபேமிலி பேண்ட்’. 1888 தேர்தல் காலத்து டகோட்டாவில் ஓர் இசைக்குடும்பம். படம் இழுவை. அதில் கெக்கலித்துச் சிரிக்கும் ஒரு பெண்ணாக, பெயர்கூட இல்லாத பாத்திரத்தில், கோல்டி ஜீன் என்ற பெயரோடு ஓரமாக வந்து போகிறவர் கோல்டி ஹான். அடுத்த வருடம் ‘காக்டஸ் ஃப்ளவர்’, அதற்குத் துணை நடிகை ஆஸ்கர். படத்தின் மூத்த மகளான லெஸ்லி ஆன் வாரனுக்கோ, 1967இல் ‘தி ஹேப்பியஸ்ட் மில்லியனர்’, 1968இல் இது என்று டிஸ்னியின் இரண்டு பெரிய வேடங்கள். அதிலிருந்து அவர் வெளியே வந்து ‘விக்டர்/விக்டோரியா’ படத்துக்கு ஆஸ்கர் பரிந்துரை பெற 1982 ஆனது. ஒரே படம், ஒரே செட். பெயரில்லாத வேடக்காரிக்கு ஒரு வருடம், பெரிய வேடக்காரிக்குப் பதினான்கு வருடம்.

ஹெர்ஷியின் ஸ்டேசி இந்த இரண்டுக்கும் நடுவில். பெயருள்ள வேடம், ஆனால் படம் அவள் தோளில் இல்லை. முக்கியமாக, அவள் தரகர் அல்ல. அப்பாவின் கல்யாணத்தை எதிர்க்கிறாள். வீட்டில் இதுவரை தன்னுடையதாக இருந்த இடத்துக்கு இன்னொருத்தி வருவதைச் சகிக்க முடியாமல் சுருங்குகிறாள். இரண்டு வீடும் பத்தாமல் குடும்பம் ஒரு கேரவன் வண்டியைத் துணைக்கு வைத்துக்கொண்டு அல்லாடும் கூத்தில், எல்லோரும் காமெடி செய்ய, அவள் மட்டும் நிஜமாகவே கோபமாக இருக்கிறாள். படத்தின் தாளத்தோடு அது ஒட்டவில்லை என்று அன்று விமர்சகர்கள் யாராவது எழுதியிருந்தாலும் தவறில்லை. எனக்கு அதுதான் அந்த வேடத்தின் நல்ல பகுதி. அடுத்த வருடமே ஃபிராங்க் பெர்ரியின் ‘லாஸ்ட் சம்மர்’ படத்தில் கொடுமைக்காரப் பெண்ணாக வந்தபோது யாரும் அதிர்ச்சியடையவில்லை. 1972இல் ஸ்கோர்சேஸியின் ‘பாக்ஸ்கார் பெர்த்தா’. அந்தப் படப்பிடிப்பில் கசன்சாகிஸின் நாவலை ஸ்கோர்சேஸி கையில் கொடுத்தவரும் அவர்தான். அதுவே 1988இல் ‘தி லாஸ்ட் டெம்ப்டேஷன் ஆஃப் கிரைஸ்ட்’ ஆனது, மக்தலேனா மரியாளாக ஹெர்ஷி.

இதற்கு மாற்றுக்கருத்து உண்டு. வேடத்தின் அளவு காரணமில்லை, காலம்தான் காரணம் என்பார்கள். அதில் பாதி உண்மை. 1967இல் ‘தி கிராஜுவேட்’ வந்தது. அதில் மிஸஸ் ராபின்சன் வேடத்தை மறுத்தவர் டோரிஸ் டே. 1968 நவம்பரில் பழைய தணிக்கை விதிகள் போய் வயதுவாரித் தரப்பட்டியல் வந்தது. 1970 ஜனவரி முதல் கலிபோர்னியாவில் யார் மேலும் குற்றம் சுமத்தாமலே விவாகரத்து வாங்கலாம் என்றானது. பெற்றோரைச் சேர்த்துவைக்கும் மகளுக்குச் சினிமாவில் வேலை குறைந்துவிட்டது. அவள் தொலைக்காட்சியில் ‘தி பிராடி பஞ்ச்’ வீட்டுக்குக் குடிபோனாள். ஜோடி ஃபாஸ்டரால் 1976 என்ற ஒரே வருடத்தில் ‘டாக்ஸி டிரைவர்’ படத்திலும் டிஸ்னியின் ‘ஃப்ரீக்கி ஃப்ரைடே’ படத்திலும் நடிக்க முடிந்தது. மில்ஸுக்கு 1961இல் அது நினைத்தே பார்க்க முடியாதது. ஆனால் காலம் மட்டும் என்றால், ஒரே 1968இல் ஒரே படத்திலிருந்து கிளம்பிய கோல்டி ஹானும் லெஸ்லி ஆன் வாரனும் ஏன் இப்படி வேறுபட்டார்கள்?

இன்னொரு மாற்றுக்கருத்து கர்ட் ரஸ்ஸல். அவரும் டிஸ்னி பிள்ளைதான், ‘ஃபேமிலி பேண்ட்’ படத்திலும் உண்டு. பெரிய வேடங்கள் செய்தும் எண்பதுகளில் முரட்டு நாயகனாக வலம் வந்தார். பையனுக்குக் கொடுத்தது மரமேறும் வேடம், வண்டியோட்டும் வேடம். அவன் வளர்ந்தால் அதே வேலையைப் பெரிய அளவில் செய்யலாம். பெற்றோரைச் சேர்த்துவைத்த பெண் வளர்ந்தால் அடுத்து என்ன செய்வாள் என்று யாரும் யோசித்து வைக்கவில்லை. நீத்து சிங் விதிவிலக்கு. ‘தோ கலியான்’ முடிந்த ஐந்தே வருடத்தில் பம்பாய் அவரைக் கதாநாயகியாக ஏற்றுக்கொண்டது. அங்கே குழந்தை நட்சத்திரத்துக்கு ஒரு நிறுவனத்தின் முத்திரை இல்லை, பேபி என்ற முன்னொட்டு மட்டும்தான் இருந்தது. அதை எடுத்துவிட்டால் போதுமானதாக இருந்தது. ஹாலிவுட் ஆய்வுகளில் இந்த ஒப்பீட்டை யாரும் செய்வதில்லை, செய்தால் நல்லது.

1986இல் ஹெர்ஷி வுடி ஆலனின் ‘ஹன்னா அண்ட் ஹர் சிஸ்டர்ஸ்’ படத்தில் அக்காள் கணவனோடு கள்ள உறவு கொள்ளும் தங்கையாக நடித்தார். அதே வருடம் டிஸ்னி சேனலுக்காக எடுத்த ‘தி பேரன்ட் ட்ராப் 2’ ஒளிபரப்பானது. நாற்பது வயது ஹேலி மில்ஸ் மறுபடியும் ஷாரன், மறுபடியும் சூசன். கதைப்படி ஷாரன் இப்போது விவாகரத்தானவள். அவளுக்கு மாப்பிள்ளை பார்ப்பது அவள் மகள்.